வெருட்சி

அருள்மலருக்கு வெருட்சி வியாதி என்று மல்வேர்னில் தெரியாதவர்கள் குறைவு. கோயிலில் தெரியும், லோண்டரியில் தெரியும், காலையில் அவளோடு பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற பெண்களுக்கும் தெரியும். பதினொரு வருடமாக அது வந்து போய்க்கொண்டிருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், அல்லது சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்திருப்பாள். திடீரென்று நெஞ்சு அடிக்கத் தொடங்கும். முகம் வெளிறும், உள்ளங்கை நனையும், தலை இரண்டு பக்கமும் இடிக்கும். பத்து நிமிடம், சிலவேளை இருபது. பிறகு தானாகவே விட்டுப்போகும். அவள் நனைந்த உடுப்போடு, தூரத்து ஊருக்குப் போய்த் திரும்பியவள் மாதிரி, சுற்றிவரக் கிடக்கிற சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

குடும்ப டொக்டர் முதலில் மனப்பதற்றம் என்றார். பிறகு மாதவிடாய் நிற்கிற வயது என்றார். நித்திரைக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒரு குளிசை, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லி ஒரு கட்டளை. சனங்களிடம் அதைவிட நல்ல காரணம் இருந்தது. தொண்ணூறாம் ஆண்டு, பதினாறு வயதில், பேசாலையில் படகேறி இந்தியாவுக்குப் போனவள் அவள். அன்றைக்குக் கடலில் வெருண்டதுதான் இன்னும் உடம்பை விட்டுப் போகவில்லை என்று சொல்லிக்கொண்டார்கள். அவளும் ஓம் என்று தலையாட்டினாள். ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டால் ஆட்கள் மேலே கேட்பதில்லை.

அவளுடைய கணவன் பேனாட், முன்பு வின்னிபெக், வன்கூவர் என்று நெடுந்தூர லொறி ஓடியவன். அவளைத் தனியே விடப் பயந்து அந்த வேலையை விட்டு, ஒரு பேக்கரியில் பாண் ஏற்றி இறக்குகிற வான் ஓட்டத்துக்கு வந்துவிட்டான். அதற்காகவோ வியாதிக்காகவோ அவளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஒரு நாளைத் தவிர. அவனுடைய தமக்கையின் மகளின் கலியாணத்தில், எல்லாரும் சேர்ந்து படம் எடுக்கிற நேரம் பார்த்து அருள்மலருக்கு அது வந்துவிட்டது. பாதியில் வீட்டுக்கு வெளிக்கிட வேண்டியிருந்தது. காருக்குள் அவன் றோட்டைப் பார்த்தபடி, "நீ நடிக்கிறாய்" என்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவளை அவன் நீர் என்றுதான் கூப்பிட்டவன். அந்த "நீ" அவளுக்குள் கிடந்தது.

அவள் வேலை செய்தது ஆஸ்பத்திரிகளின் துணிகளைத் துவைத்து அனுப்புகிற பெரிய லோண்டரி. ஈரமான வெள்ளைக் கட்டில் சீலைகளை வண்டிலுக்குள்ளிருந்து இழுத்தெடுத்து, இரண்டு முனையையும் பிடித்து, சூடான உருளைகளுக்குள் ஊட்டுவது அவளுடைய வேலை. ஆவி எழும்பிக் கூரையை மூடிக்கொள்ளும். பெப்ரவரியில் உயரத்து ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டேயிருக்கும். உள்ளேயும் வெளியேயும் ஒரே வெள்ளை. மத்தியானத்துக்குப் பிறகு, தான் நிற்பது நிலத்திலா முகிலுக்குள்ளா என்று அவளுக்கே சந்தேகம் வரும். யார் யாரோ நோயோடு படுத்தெழும்பிய சீலைகள், அவளுடைய கைகளைத் தாண்டிச் சுத்தமாக மடிந்து போய்க்கொண்டிருக்கும்.

அப்படி ஒரு நாள் வண்டிலின் விளிம்பில் வயிற்றைக் கொடுத்து, அடியில் முறுகிக் கிடந்த சீலையை எட்டி இழுத்தவள், அப்படியே மடிந்து விழுந்துவிட்டாள். கண் விழித்தபோது வண்டில் தள்ளுகிற செல்வரட்ணம் அண்ணை பக்கத்தில் முழங்காலில் இருந்தார். தன்னுடைய துவாயால் அவளுடைய முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லட்டே? நான் கனநாளாப் பாத்துக்கொண்டு வாறன். நீ உந்த வண்டிலுக்கை குனிஞ்சு எடுக்கேக்கைதான் உனக்கு இது வாறது. மேசையில நிக்கிற நாளில வாறேல்லை."

"அப்படியே அண்ணை?"

"ஓம். வெருட்சி எண்டா அது குனியேக்கை பாத்து ஏன் வரோணும்? உதை டொக்டரிட்டைச் சொல்லு."

பதினொரு வருடத்தில் ஒருவரும் அவளிடம் எப்போது வருகிறது என்று கேட்டதில்லை. எதனால் வருகிறது என்று எல்லாருக்கும் முதலே தெரிந்திருந்தது.

அவசரப் பிரிவில் அவளுடைய மகள் மெலனி அண்ணையின் வார்த்தைகளை அப்படியே இளம் டொக்டரிடம் ஒப்புவித்தாள். பிரஷர் இருநூற்று முப்பதில் நின்றது. டொக்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வயிற்றை சி.ரி. ஸ்கான் எடுக்கச் சொன்னான். பெரிய வளையத்துக்குள் அவளைப் படுக்கையோடு தள்ளினார்கள். மூச்சைப் பிடி என்று ஒரு இயந்திரக் குரல் சொன்னது, மூச்சை விடு என்றது. வெளியே வந்தபோது எல்லாரும் அவளோடு மெதுவாகப் பேசினார்கள்.

"அம்மா," மெலனி கட்டில் நுனியில் இருந்து அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டாள். "வலது கிட்னிக்கு மேல ஒரு சின்னச் சுரப்பி இருக்காம், அட்ரீனல் எண்டு. அதுல ஒரு கட்டி. தேசிக்காய் சைஸ். அதுதான் உங்களை இப்படிப் படுத்துதோ தெரியாது, இன்னும் ரெஸ்ற் செய்து பாக்கோணும். பட் அம்மா, இது சும்மா மனசில வந்த வருத்தமில்லை, இற் வோஸ் நெவர் இன் யுவர் ஹெட்."

பேனாட் சுவரோடு நின்றான்.

பிறகு சிறுநீர் சேர்க்கிற நாள் வந்தது. ஒரு பகலும் ஒரு இரவும் போகிறதையெல்லாம் ஒரு செம்மஞ்சள் நிறச் சாடிக்குள் சேர்த்து, பிரிட்ஜில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் அது இருந்ததைக் கண்டு மெலனி அன்றைக்கு வீட்டில் சாப்பிடவில்லை. பரிசோதனை முடிவு வந்தபோது, சுரப்பிகளைப் பார்க்கிற டொக்டர் அம்மா, உடம்பு பயப்படும்போது சுரக்கிற நீரை அந்தக் கட்டி காரணமில்லாமலே கொட்டிக்கொண்டிருக்கிறது என்று விளக்கினாள். அதன் பெயரை மெலனி எழுதி எடுத்தாள். பேனாட் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

"ஏழு வருடத்துக்கு முந்தி எடுத்த ஸ்கான் ஒன்றும் இருக்கிறது," என்றாள் டொக்டர். "அதிலேயும் இது இருக்கிறது. அப்போது கடலை அளவு."

மார்க்கம் றோட்டில் அவர்களுடைய காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் வந்து இடித்து, ஆஸ்பத்திரியில் அவளுக்கு ஸ்கான் எடுத்த வருடம் அது.

அன்றைக்குப் பின்னேரம் அருள்மலர் படுக்கையறையிலிருந்து வரும்போது, பேனாட் குசினி மேசையில் ஒரு நீலக் கோப்பை விரித்து வைத்துக்கொண்டிருந்தான். இன்சூரன்ஸ்காரருக்கும் லோயருக்கும் கொடுத்த கடதாசிகளின் பிரதிகள். அவனே துளை குத்தி, திகதிவாரியாக அடுக்கியவை.

"என்ன தேடுறியள்?"

"எடுத்திட்டன்." அவன் ஒரு தாளைத் திருப்பி வைத்தான். "முதல் பக்கத்தில எலும்பு ஒண்டும் முறியேல்லை எண்டு இருந்தது. நான் அந்தச் சந்தோசத்தில மூடி வைச்சிட்டன். ரெண்டாம் பக்கத்தில, கடைசியில பாரும். வலது பக்கம் சின்னக் கட்டி ஒண்டு, ஆறு மாசத்தால திரும்பப் பாக்கவும் எண்டு கிடக்கு. மெலனியைக் கொண்டு வாசிப்பிச்சனான்."

"டொக்டருக்கும் இது போயிருக்குமெல்லோ."

"போயிருக்கும். அவரும் பாக்கேல்லை. ஆனா என்ர வீட்டுக்குள்ளயெல்லோ கிடந்தது, அருள். என்ர கையால ஓட்டை குத்தினனான்."

வெளியே யாரோ பனி தள்ளுகிற சத்தம் கேட்டது. நிலத்தில் உலோகம் உரசுவதும் நிற்பதும் திரும்ப உரசுவதுமாக.

"அக்கான்ர மகளின்ர கலியாணம் எந்த வருசம்?" என்று அவன் கேட்டான்.

ஏன் கேட்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "பத்தொன்பது."

"இது பதினேழு."

"ஓம்."

"நான் உம்மை அண்டைக்குக் காருக்கை..."

"ஓம், சொன்னீங்கள்."

அவன் தலை நிமிரவில்லை. பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. அது வாய்வரை வந்தது, பழக்கத்தில். ஆனால் சொல்லாமல் கேத்தலில் தண்ணீர் வைத்து, இரண்டு கோப்பை பிளேன்ரீ ஊற்றி, ஒன்றை அவனுடைய முழங்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு எதிரே இருந்தாள்.

கட்டியை வெட்டி எடுக்கலாம். ஆனால் அது வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு இன்னொரு விதமான ஸ்கான் இருந்தது. முதல் நாள் அயடின் துளிகள் குடிக்கக் கொடுத்து ஊசி போட்டார்கள். அடுத்த நாள் படம். படம் எடுக்கிற பிள்ளையின் சட்டையில் தனுஷிகா என்று பெயர் குத்தியிருந்தது. இங்கே பிறந்த பிள்ளை. அருள்மலரின் பெயரைப் பார்த்ததும் தமிழுக்கு மாறிவிட்டாள். அது கொஞ்சம் நொண்டி நொண்டித்தான் வந்தது.

"அன்ரி, நேற்று ஊசியில போட்டது இருக்கெல்லோ, அது உங்கட உடம்புக்குள்ள போய்த் தேடும். அந்தக் கட்டி மாதிரி ஆக்கள் எங்க ஒளிச்சிருந்தாலும் அவைக்குள்ள போய் இருக்கும். பிறகு இந்தக் கமெரா பாக்கும். லைற் மாதிரித் தெரியும்."

கட்டியை ஆக்கள் என்றதில் அருள்மலருக்குச் சிரிப்பு வந்தது. "எவ்வளவு நேரம் பிள்ளை?"

"வன் அவர். ஆடக்கூடாது. நித்திரை வந்தாக் கொள்ளுங்கோ."

சூடாக்கிய வெள்ளைச் சீலையால் அவளைக் கழுத்துவரை சுற்றினாள். அந்தச் சீலையின் ஓரத் தையலை அருள்மலரின் விரல்களுக்குத் தெரியும். தன் கைகளைத் தாண்டிப் போன சீலையாகவும் இருக்கலாம். அகன்ற சாம்பல் நிறத் தட்டு ஒன்று மேலேயிருந்து மெல்ல இறங்கி, மூக்குக்கு நாலு விரல் தள்ளி நின்றது. விளக்கு மங்கியது. எங்கோ காற்றாடி ஒன்று ஓடுகிற ஓசை மட்டும். தட்டு அசைவது தெரியாமல் அசைந்தது, முகத்திலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நெஞ்சுக்கு. தன்னுடைய உடம்பு நீண்டுகொண்டே போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. காலும் கையும் அறையைத் தாண்டி எங்கோ கிடந்தன. அந்த ஊசி மருந்து உள்ளே ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு திரிகிறது.

கதவுகள் முடிந்த இடத்தில் கடல் இருந்தது. பொழுது புலர்கிற நேரம். படகின் அடியில் தண்ணீரும் மண்ணெண்ணெயும் சேர்ந்து அலம்பின. தாய் முக்காட்டை வாய்க்குள் திணித்து அழுதுகொண்டிருந்தாள். மற்றப் பெண்கள் செபமாலை சொன்னார்கள். அருள்மலர் ஓரத்தில் இருந்தாள். திடீரென்று தண்ணீருக்குள்ளிருந்து பறவை மீன்கள் எழும்பின. ஒன்றில்லை, நூறு. இறகை விரித்து, படகுக்குக் குறுக்காக, வெயில் படுகிற பக்கம் வெள்ளியாக மின்னிக்கொண்டு பறந்தன. ஒரு மீன் அவளுடைய மடியில் விழுந்தது. முதுகு நீலம், இறகு கண்ணாடி. அவள் அதைப் பாவாடையால் மூடினாள். தொடையில் அது துடித்துக்கொண்டிருந்தது. யாரும் காணாமல் கையில் எடுத்துத் தண்ணீருக்குள் விட்டாள். அது போய்விட்டது.

அன்றைக்கு அவளுக்குப் பயமே இருக்கவில்லை. சந்தோசமாக இருந்தது. தகப்பனை விட்டு, வீட்டை விட்டு, தாய் அழுதுகொண்டிருக்கிற படகில் சந்தோசமாக இருந்தது என்று யாரிடம் சொல்வது? எல்லாரும் கடலில் வெருண்ட பிள்ளை என்றபோது அதுவே வசதியாக இருந்தது. சொல்லிச் சொல்லி அவளும் அதை நம்பத் தொடங்கியிருந்தாள்.

"அன்ரி, முடிஞ்சுது. அப்படியே இருங்கோ, நான் தட்டை எடுக்கிறன்."

எழும்பி இருந்தபோது கண்ணாடிக்கு அப்பால் திரை தெரிந்தது. கறுப்புக்குள் புகை மாதிரி ஒரு உடம்பு. அதில் வெளிச்சம். ஒரு இடத்தில் இல்லை. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும், நெஞ்சில், வயிற்றில், அடிவயிற்றில். தனுஷிகா விரைந்து போய்த் திரையைத் திருப்பினாள்.

"கனக்க எரியுது, என்ன பிள்ளை?"

"எனக்குச் சொல்ல அலவ்ட் இல்லை அன்ரி. சொறி. டொக்டர்தான் சொல்லுவா." அவள் குனிந்து அருள்மலரின் சப்பாத்தைக் காலடியில் சேர்த்து வைத்தாள். அந்தப் பணிவு அருள்மலருக்கு நல்லதாகப் படவில்லை.

நாலு நாள் அவள் யாருக்கும் சொல்லவில்லை. உடம்பெல்லாம் பரவிவிட்டது என்று தனக்குள் முடிவெடுத்து, அதோடு நடமாடினாள். அலுமாரியில் மெலனிக்கென்று வைத்திருந்த சீலைகளைத் தனியாக அடுக்கினாள். ஜன்னலில் இருந்து பனியைப் பார்த்தாள். தெருவிளக்கும் தரித்து நின்ற கார்களும் எல்லாம் உருண்டை உருண்டையாக, ஓசையில்லாமல் இருந்தன. நான் ஏற்கனவே பாதி போய்விட்டேன் போல என்று நினைத்தாள். அந்த நினைப்பு பாரமாக இருக்கவில்லை. பேனாட் கேட்டால் மட்டும் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவன் கேட்கவில்லை, ஆனால் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவளோடு கூடவே இருந்தான்.

டொக்டர் அம்மா அந்தப் படத்தை அவர்கள் பக்கம் திருப்பினாள். அருள்மலர் கைப்பையின் வாரை இறுக்கிக்கொண்டாள். டொக்டர் பேனையால் ஒவ்வொரு வெளிச்சமாகத் தொட்டாள். இது வாயில் எச்சில் சுரக்கிற இடம். இது இதயம், இது ஈரல், இது சிறுநீர்ப்பை. இவை எல்லாருக்கும் எரியும், எனக்கும் எரியும். பிறகு பேனை ஒரு இடத்தில் நின்றது.

"இது மட்டும்தான். வேறெங்கும் இல்லை."

மெலனி மொழிபெயர்க்க வாய் திறந்தாள். அருள்மலருக்கு அது தேவைப்படவில்லை. அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன்னுடைய உடம்பு இவ்வளவு வெளிச்சமானது என்று அவளுக்கு இதுவரைக்கும் தெரியாது.

சத்திரசிகிச்சைக்கு முன் மூன்று கிழமை குளிசை. அது இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிற மருந்து. எழும்பினால் தலை சுற்றும், மூக்கு அடைத்துக்கொள்ளும். அதனால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், உப்பு நிறையச் சாப்பிட வேண்டும். பேனாட் இதை இரண்டு தரம் டொக்டரிடம் கேட்டு உறுதிப்படுத்தினான்.

"உப்பை அள்ளிப் போடச் சொல்லி ஒரு டொக்டர் சொல்லிக் கேட்டிருக்கிறீரோ, அருள்?" அவன் கட்டாக் கருவாட்டைப் பொரித்து, கத்தரிக்காயோடு குழம்பு வைத்தான். பதினொரு வருடமாகச் சப்பென்று சமைத்த வீடு மணத்தது. மேல்வீட்டுப் பிள்ளைகள் ஜன்னலைத் திறந்ததுகூடக் கேட்டது. அவள் வாயில் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது.

"உறைப்போ?"

"இல்லை. உப்பு." விரலை நக்கினாள். "இஞ்சேருங்கோ, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லோணும். நான் அந்தப் படகில வெருளேல்லை."

"என்ன?"

"வெருளேல்லை. எனக்கு அண்டைக்குச் சந்தோசமா இருந்தது. அம்மா அழுதுகொண்டிருந்தா, நான் மீன் பாத்துக்கொண்டிருந்தனான். பறவை மீன். ஒண்டு என்ர மடியில விழுந்தது."

பேனாட் சோற்றில் கை வைத்தபடி அவளைப் பார்த்தான். "அப்ப இவ்வளவு காலமும் ஏன் ஓமெண்டனீர்?"

"எல்லாரும் சொன்னவை. நீங்களும் சொன்னீங்கள்."

அவன் ஒரு பிடி சோற்றைப் பிசைந்தான். பிறகு, "எவ்வளவு பெரிசு, அந்த மீன்?" என்று கேட்டான்.

அவள் மேசையில் கையை வைத்துக் காட்டினாள். அவன் அந்த இடைவெளியைக் கவனமாகப் பார்த்தான். "நடிக்கிறாய் எண்டது பிழை, அருள்," என்றான். "பெரிய பிழை."

"ஓம்," என்றாள் அவள். "பிழைதான்." இன்னும் கொஞ்சக் குழம்பு விட்டுக்கொண்டாள்.

மார்ச் நடுவில் கட்டியை எடுத்தார்கள். நாலு சிறு துளைகள், நாலரை மணித்தியாலம். நடுவில் ஒருமுறை பிரஷர் எகிறி, மயக்க மருந்து டொக்டர் ஓடி ஓடி மருந்து மாற்றியதாக மெலனி பிறகு சொன்னாள். அருள்மலருக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது தொண்டை வறண்டிருந்தது, நெஞ்சு அமைதியாக இருந்தது. இரண்டு நாள் பிரஷர் தாழ்ந்து கிடந்து மெல்ல ஏறியது. கெட்ட கட்டிக்குரிய அடையாளம் ஒன்றையும் காணவில்லை என்று ஆய்வுகூடம் சொன்னது. ஆனாலும் வருடாவருடம் பார்க்க வேண்டும் என்றார்கள்.

வீட்டுக்கு வந்தவளுக்கு ஒரு விஷயம் புதிராக இருந்தது. அது வரவில்லை. குனிந்தாலும் வரவில்லை. ஆனால் அவள் காத்துக்கொண்டே இருந்தாள். படியேறி மூச்சு வாங்கினாலும் நின்று பார்ப்பாள். போன் மணி அடித்தாலும் கையை நெஞ்சில் வைப்பாள். உடம்பை நம்புவதற்கு அவளுக்குப் பழக்கமில்லை.

மே மாத முதல் ஞாயிறு, பூசை முடிந்து, பேனாட் அவளை ரூஜ் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரைதான், சனம் கடற்கரை என்றுதான் சொல்லும். ஆறு வந்து ஏரியில் விழுகிற இடம். பனிப்புகார் இன்னும் தண்ணீரை விட்டுப் போகவில்லை. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நாணலுக்குள் ஒரு நாரை தன்னுடைய நிழலில் நின்றது. அவள் ஒரு மரக்குற்றியில் இருந்தாள். பேனாட் கோயிலுக்குப் போட்ட தோல் சப்பாத்தோடு, தூண்டில் போடுகிறவர்களின் மீனைப் பார்க்கவென்று பாசி பிடித்த கல்லுகளில் ஏறி நடந்தான்.

"வழுக்கும், கவனம்," என்று அவள் சொல்லி முடிக்கவில்லை.

ஒரு கால் போனது, பிறகு மற்றக் கால். தலை கல்லில் பட்ட சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் தண்ணீருக்குள் போனான். புகார் அந்த இடத்தை மூடிக்கொண்டது. அவள் எழும்பியதும் ஓடியதும் அவளுக்கு நினைவில்லை. இடுப்பளவு தண்ணீருக்குள் நின்றாள், குளிர் கத்தியாக வெட்டியது, கையில் அவனுடைய கோட்டுக் கொலர் இருந்தது. தூண்டில்காரன் ஒருவன் மற்றப் பக்கம் பிடித்தான். இருவருமாக அவனைக் கரைக்கு இழுத்தார்கள். நெற்றியில் வெட்டு, இரத்தம், இருமல். அவன் ஏரித் தண்ணீரைத் துப்பிவிட்டுக் கண்ணைத் திறந்தான்.

"ஒண்டுமில்லை. ஒண்டுமில்லை, அருள். வழுக்கிப்போட்டுது."

அவள் மணலில் இருந்துவிட்டாள். நெஞ்சு அடித்தது. காதுக்குள் அடித்தது, தொண்டைக்குள் அடித்தது. உள்ளங்கை நனைந்திருந்தது, ஏரித் தண்ணீரா வேர்வையா தெரியவில்லை. வந்துவிட்டது என்று நினைத்தாள். கையை நெஞ்சில் வைத்துக் காத்திருந்தாள். தலை இடிக்கப்போகிறது, கண் இருளப்போகிறது. பத்து நிமிடம், இருபது நிமிடம்.

தூண்டில்காரன் தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றி பேனாட்டுக்குப் போர்த்தினான். நாரை எழும்பிப் பறந்தது. நெஞ்சு அடித்தது, கொஞ்சம் ஆறுதலாக அடித்தது, பிறகு இன்னும் ஆறுதலாக. அவள் கையை எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றும் வரவில்லை. தன்பாட்டில் தணிந்து, வழக்கமான இடத்துக்கு வந்து, நடக்கத் தொடங்கியது.

பேனாட் ஈரத் தலையோடு அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தில் என்ன வரப்போகிறது என்று பதினொரு வருடமாகப் பார்த்துப் பழகியவன்.

"பயந்திட்டீரோ?" என்று கேட்டான்.

அருள்மலர் கொஞ்சம் யோசித்தாள். தன்னுடைய சால்வையின் உலர்ந்த முனையால் அவனுடைய நெற்றியை அழுத்திப் பிடித்தாள்.

"ஓம்," என்றாள். "நல்லாப் பயந்திட்டன்."